நான்காவது டிரைவ்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரை ஜங்ஷனில் நின்றபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து, சுக்கு மணக்க ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தேன். பூ மார்க்கெட் பக்கமிருந்து மல்லிகை வாசம் டீசல் புகையையும் மீறி வந்துகொண்டிருந்தது. மேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் யானைமலை தென்பட ஆரம்பித்துவிடும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஒரே பாறை. பெயரைக் கேள்விப்படாதவர் பார்த்தாலும் துதிக்கையை நீட்டிப் படுத்த யானை என்றுதான் சொல்வார். விடிகிற வெளிச்சத்தில் அதன் முதுகு முதலில் சிவந்து, பிறகு சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது.

அந்த வழியில் இருக்கும் ஒத்தக்கடைக்கு நான் போனது ஒரு சர்வரைப் பார்க்க. 2004 ஜூலை 24 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பகுதியின் முகமே மாறிப்போனது. கன்னியாகுமரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கட்சிக்காரர்கள் மஞ்சள் பையில் பத்திரங்களைச் சுருட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்குகிறார்கள். ஜெராக்ஸ் கடை, டைப்பிங் கடை, டீக்கடை என்று ரோட்டோரம் நிறைந்துவிட்டது. வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் அலுவலகம், தன்னிடம் வரும் வழக்குக் கட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் சேர்த்து வைக்கிறது. கிரயப் பத்திரம், உயில், பட்டா, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் நகல். சிலவற்றுக்கு மூலம் கரையான் அரித்துப் போய், ஸ்கேன் பிரதி ஒன்றுதான் மிச்சம்.

அந்த சர்வரின் டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டிருந்தார். திடீரென்று கரண்ட் போய்த் திரும்ப வந்தால், சில நேரம் டிரைவ் கண்ணிலேயே படாமல் போகும் ஒரு குறையை அது சரிசெய்யும். சர்வரைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்தவர்கள் ஆள் அனுப்பி அதை ஏற்றியாயிற்று. ‘சக்சஸ் என்று வந்துவிட்டது’ என்று ஒரு வரி மெயில் மட்டும் அனுப்பினார்கள். உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சென்னையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடக் கூடாதா என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆபீஸிலும் கேட்டார்கள்.

ஃபர்ம்வேர் என்பது விண்டோஸோ லினக்ஸோ கண்விழிக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும் நிரல். தாய்ப்பலகையில் ஒன்று, நெட்வொர்க் கார்டில் ஒன்று, ரெய்டு கன்ட்ரோலரில் ஒன்று, ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் ஒன்று. சர்வரை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும்வரை விழித்திருக்கும் பிஎம்சி என்ற குட்டிக் கணினிக்கும் ஒன்று உண்டு. ஹெச்பிஇ அதை ஐஎல்ஓ என்கிறது, டெல் ஐடிராக் என்கிறது. ஆக, ‘சர்வர் ஃபர்ம்வேர் போட்டாச்சு’ என்று யாராவது சொன்னால், எதற்கு, எந்தப் பதிப்பு, எப்போது என்று மூன்று கேள்வி கேட்காமல் நான் விடுவதில்லை.

டிரைவ் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டி டிரைவ்கள், மின்சாரம் பாய்ந்த மணிக்கணக்கு 32,768-ஐத் தொட்டதும் செத்துவிடும். மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். செத்தால் டிரைவும் மீளாது, உள்ளே இருப்பதும் மீளாது. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பதினாறு பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணும் ஒரு எண்ணி 32,767-க்கு மேல் போகாது. 2020 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. வேறு சில டிரைவ்கள் 40,000 மணி நேரத்தில் நின்றுவிடும் என்றது அது.

இதில் உறைக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஒரு டிரைவ் போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் ரெய்டு கட்டுகிறோம். ஆனால் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் சொருகிய டிரைவ்கள் எல்லாம் ஒரே மணிக்கணக்கில்தான் ஓடுகின்றன. முதல் டிரைவ் போன சற்று நேரத்திலேயே இரண்டாவதும் மூன்றாவதும் போனால் ரெய்டு இருந்தும் பயனில்லை. அந்த ஆபத்துக்கு மருந்து புதிய ஃபர்ம்வேர் ஒன்றுதான். ஏற்றியதாக நினைத்துக்கொண்டு ஏற்றாமல் விட்டவருக்கு மெஷின் எந்த முன்னறிவிப்பும் தராது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், அந்த மணி வரும்வரை.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது குமாஸ்தா அய்யா அன்றைய கேஸ் லிஸ்டில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியவர். கிளை திறப்பதற்கு முன்னால், ஒரு வாய்தாவுக்காக ராத்திரி ரயிலேறி சென்னை போய்வந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

“வாங்க தம்பி, உக்காருங்க. அது நல்லாத்தானே ஓடுது? போன வாரங்கூட ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரே?”

“அவர் போட்டுட்டுப் போனாருங்கய்யா. போட்டது உக்காந்திருக்கான்னு பாக்க வந்திருக்கேன்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “சரிதான். ஆர்டர் காப்பிய எழுதுனவரே ஒப்பிட்டுப் பாத்தா தப்பு கண்ணுல படாது. வேற ஆளு பாக்கணும்” என்றார். கோர்ட்டுக் காகிதத்தோடு வாழ்ந்தவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பகலில் சர்வரை நிறுத்த முடியாது. பத்தரைக்குக் கோர்ட் கூடுகிறது, அதற்கு முன்னும் பின்னும் பிரிண்டர் ஓயாது. முழு பேக்கப் ஒன்றை வெளி டிஸ்க்கில் எடுக்கச் சொல்லி ஓடவிட்டேன். கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கும் பெண் திரையில் நகரும் சதவீதத்தைக் காட்டி, “மதியம் ஆயிடும் சார், நீங்க நரசிங்கம் போயிட்டு வாங்களேன்” என்றாள்.

யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையிலிருந்து சிறிது தூரத்தில்தான் நரசிங்கம் கிராமம். வழியில் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் பாறைச் சரிவு. 1965-இல் தொடங்கிய வேளாண் கல்லூரியும் இந்த மலையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. யோக நரசிங்கப் பெருமாள் கோயிலின் கருவறை, பாறையையே குடைந்து எடுத்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே காலுக்கடியில் கல் குளிர்ந்திருந்தது.

இங்கே கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று கிரந்த எழுத்தில் வடமொழி. அதில் கலியுக ஆண்டு 3871 என்றே குறித்திருக்கிறார்கள். இன்னொன்று வட்டெழுத்தில் தமிழ். பாண்டியன் மாறஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து உக்கிரன்கோட்டையான கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தவர். அவர்தான் இந்தக் கற்றளியைக் குடைவித்தார். குடைந்து முடிந்தும் குடமுழுக்கு நடக்கவில்லை. அதற்குள் அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் அமைச்சர் பொறுப்புக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் கட்டி, குடமுழுக்கு நடத்தி வைத்தார்.

அந்தப் பாறை முன்னால் நெடுநேரம் நின்றேன். இவ்வளவையும் கல்லில் வெட்டவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ‘இந்தக் கோயிலை எடுப்பித்தவர் மாறன் காரி’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். தம்பி முழுப் பெருமையையும் தன் பெயரில் போட்டுக்கொண்டிருக்கவும் முடியும். தொடங்கியவர் யார், எது வரை செய்தார், எது பாக்கி நின்றது, பாக்கியை முடித்தவர் யார் என்று பிரித்துப் பிரித்து எழுதி, ஆண்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டு கழித்து வந்து நிற்கும் என்னால் அந்த வேலையின் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள முடிகிறது. போன வாரம் நடந்த வேலைக்கோ என் கையில் இருப்பது ஒரு வரி மெயில்.

மலை மேலே சமண முனிவர்கள் தங்கிய குகையில் இதைவிடப் பல நூற்றாண்டு பழைய தமிழி எழுத்தும் உண்டு. ஏறிப் பார்க்க நேரமில்லை. பேக்கப் முடிகிற நேரம் ஆகியிருந்தது.

சென்னையிலிருந்தே பார்க்கக் கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். பார்க்கலாம், பெரும்பாலும் அதுவே போதும். ரெட்ஃபிஷ் என்ற பொதுத் தரம் 2015-இல் வந்தபிறகு, எந்தப் பாகத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற பட்டியலை எங்கிருந்தும் கேட்டு வாங்க வழி பிறந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேறு போக்கும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைத் தருவது யார்? எந்த ஃபர்ம்வேரைச் சோதிக்கிறோமோ அதுவேதான். 2021 டிசம்பரில் ஈரானைச் சேர்ந்த அம்ன்பர்தாஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஐஎல்ஓ-வுக்குள் குடிபுகுந்த ஒரு தீநிரலைக் கண்டுபிடித்து வெளியிட்டது. நிர்வாகி புதிய ஃபர்ம்வேர் ஏற்றும்போது அது நடக்கவிடாமல் தடுத்துவிட்டு, ஏறிவிட்டதாகத் திரையில் நடிக்கும். பதிப்பு எண்ணைக்கூட மாற்றிக் காட்டும். புதிய பதிப்பில் நுழைவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்க வேண்டும், இதில் பழைய தோற்றமே இருந்தது. எண்ணை நம்பாமல் பக்கத்தை உற்றுப் பார்த்தவர் கண்ணில்தான் அது பட்டிருக்கும்.

ஒத்தக்கடை சர்வரில் அப்படி யாரும் புகுந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒருமுறையாவது ஒரு மனிதர் மெஷின் முன்னால் நின்று, அது சொல்வதையும் அது செய்வதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் மூலப் பத்திரம் அழிந்துபோன ஒருவரின் நிலம் அதற்குள் இருக்கும்போது.

ஐந்தரைக்கு மேல் கூட்டம் வடிந்தது. சர்வர் இருந்தது பின்கட்டில், ஸ்பிளிட் ஏசி போட்ட சின்ன அறையில். முன்பக்க வலையில் செம்மண் தூசி படிந்திருந்தது. நான் படிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். தயாரிப்பாளரின் வெளியீட்டுக் குறிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல டிக் போட்டேன்.

தாய்ப்பலகையின் ஃபர்ம்வேரான பயாஸின் பதிப்பை டிஎம்ஐடிகோட் கட்டளை காட்டியது. பிஎம்சி பதிப்பை ஐபிஎம்ஐடூல் காட்டியது. இரண்டும் குறிப்போடு ஒத்துப்போயின. இயங்குதளத்திலிருந்து கேட்ட பயாஸ் எண்ணும், பிஎம்சி தன் வழியே சொன்ன எண்ணும் ஒன்றாகவே இருந்தன. இந்த இரண்டு வழியும் முக்கியம். புதியதை எழுதி வைத்துவிட்டு, மறுபடி கிளப்பும்வரை பழையதிலேயே ஓடும் பாகங்கள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் அப்டேட் பதிவேடு ஒன்று சொல்லும், ஓடும் சர்வர் வேறொன்று சொல்லும். நாம் நம்பவேண்டியது ஓடுவதை.

அடுத்து டிரைவ்கள். ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருப்பதால் அவை நேரடியாக முகம் காட்டாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எண் கொடுத்துக் கேட்கவேண்டும். முதல் டிரைவ், புதிய பதிப்பு. இரண்டாவது, புதிய பதிப்பு. மூன்றாவது, அதே.

நான்காவதில் அவள் நிறுத்தினாள். “சார், இதுல கடைசி நம்பர் வேற.”

திரும்பப் படிக்கச் சொன்னேன். மூன்றில் 5 என்று முடிந்தது, நான்காவதில் 3. பழையது.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மூன்று டிரைவ்கள் ரெய்டு ஐந்து தொகுப்பில் வேலை செய்பவை. நான்காவது, எதுவாவது போனால் உடனே அந்த இடத்துக்கு வரக் காத்திருக்கும் ஹாட் ஸ்பேர். அப்டேட் கருவி தொகுப்புக்குள் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கிறது. எடுத்துக்கொண்டவை எல்லாம் நல்லபடி ஏறின. அதனால் ‘சக்சஸ்’ என்றது. வந்து போட்டவர் பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. நான்காவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருக்கும்வரை இந்த விடுபடலால் ஒரு பாதிப்பும் இல்லை. ஒரு டிரைவ் பழுதாகி, நான்காவது தானாக உள்ளே வந்து, மற்றவற்றின் தரவைக் கொண்டு தன்னை நிரப்பிக்கொள்ளும் அந்த மணிநேரங்களில் கரண்ட் போய்த் திரும்பினால்தான் பழைய குறை தலைதூக்கும். நமக்கு மிகவும் தேவைப்படுகிற நேரம் அது. காத்திருக்கிற டிரைவ்தானே என்று அலட்சியமாக விடவும் முடியாது. வேலை செய்யாவிட்டாலும் மின்சாரம் அதற்குள் பாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. நான்கின் மணிக்கணக்கும் அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஃபர்ம்வேர் கோப்பைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிதாக இறக்கினோம். அதன் ஷா-256 ஹாஷ் மதிப்பை, அறுபத்து நான்கு எழுத்தையும், தளத்தில் இருந்ததோடு ஒப்பிட்டோம். சர்வரை நிறுத்தி, பூட் டிஸ்க்கில் கிளப்பி, நான்காவதற்கு மட்டும் ஏற்றினோம். ஏறுகிற நேரத்தில் கரண்ட் போகக்கூடாது என்று யுபிஎஸ் பேட்டரியை முதலிலேயே சோதித்து வைத்திருந்தேன். முடிந்ததும் மறுபடி ‘சக்சஸ்’ வந்தது. அதோடு நிற்கவில்லை. சர்வரை முழுக்க அணைத்து, இரண்டு பவர் கார்டையும் பிடுங்கி, தாய்ப்பலகையில் எரியும் சின்ன விளக்கும் அணையும்வரை விட்டுவைத்தோம். வெறும் ரீஸ்டார்ட்டில் வெளிவராத கோளாறு, மின்சாரமே இல்லாமல் கிடந்து எழும்போதுதான் வெளியே வரும்.

கார்டைச் சொருகியதும் ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் அலறின. அறைக்கு வெளியே குமாஸ்தா அய்யா எழுந்து நின்றுவிட்டார். பிறகு சத்தம் படிப்படியாகத் தணிந்தது. அப்படித் தணிவதும் ஒரு சாட்சி. வெப்பமானிகளைப் படிக்கத் தெரியாத ஃபர்ம்வேர் என்றால் ஃபேனை இறக்கவே விடாது. நான்கு டிரைவும் தென்பட்டன. ரெய்டு நலம் என்றது. நிகழ்வுப் பதிவில் புதிய பிழை எதுவும் இல்லை. அவள் நான்கையும் முதலிலிருந்து மறுபடி படித்தாள். நான்கிலும் 5.

ஏறிவிட்டது என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. 2018 ஜனவரியில் ப்ராஸசர் சிப்களில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியானதும், இன்டெல் அவசரமாகத் தந்த மைக்ரோகோடை, அதாவது சிப்புக்குள் ஓடும் நிரலை, உலகெங்கும் ஏற்றினார்கள். ஒழுங்காகவே ஏறியது. ஆனால் பிராட்வெல், ஹாஸ்வெல் ரகச் சிப்கள் திடீர் திடீரென்று தாமாக ரீபூட் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று இன்டெலே அதை ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே சில வாரம் பதிவேட்டைக் கவனிக்க வேண்டும், பழைய பதிப்பின் கோப்பைத் தூக்கி எறியக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். பழையதைத் தனி ஃபோல்டரில் தேதி போட்டு ஏற்கெனவே வைத்துவிட்டாள்.

கடைசியாக நோட்டு. குமாஸ்தா அய்யா ஒரு புது நீளநோட்டை எடுத்து வந்து, வழக்கு டைரிக்குக் கோடு போடுவதுபோலவே பத்தி பிரித்துக் கொடுத்தார். எந்தப் பாகம், முன்பு இருந்த பதிப்பு, இப்போதைய பதிப்பு, ஏற்றியவர், ஏற்றிய தேதி, சரிபார்த்தவர், சரிபார்த்த தேதி. முதல் மூன்று டிரைவுக்கு ஏற்றியவர் பத்தியில் முன்பு வந்துபோனவரின் பெயரையே எழுதினேன். அவர் செய்தது அவருடையது. நான்காவதற்கு என் பெயர். சரிபார்த்தவர் பத்தியில் நான்குக்கும் அந்தப் பெண்ணைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “நானா சார்?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் திரையோடு இன்னொரு தடவை ஒத்துப் பார்த்த பிறகே போட்டாள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக இந்தப் பகுதியில் பகல் முழுக்கக் கரண்ட் நிற்கும் நாள் அடுத்து எப்போது வந்தாலும், சாயங்காலம் சர்வரைக் கிளப்பியதும் நான்கு டிரைவின் பதிப்பையும் மணிக்கணக்கையும் எழுதி எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். டிரைவ் மாற்றினால் புதிதாக வருவதற்கும் நோட்டில் தனி வரி. மாற்றிப் போட வருபவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அதில் அவர் பெயரை எழுதாமல் வாசல் தாண்ட விடுவதில்லை என்று குமாஸ்தா அய்யா பொறுப்பெடுத்துக்கொண்டார்.